கோடாகிப்போன லத்தீன்

குன்றாண்டார்கோவில் இருக்கிற இதே புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில், 1898இல் 501 ரோமத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு. செலாவணியிலிருந்து நீக்கத்தான் வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம், இருக்கட்டும். வெட்டினாலும் தங்கம் தங்கம்தானே. முகத்தை நம்பிப் பிழைப்பது வெண்கலக் காசு. ரோம அதிகாரத்தின் பேச்சைக் கேட்க வேண்டுமானால் வாசிக்கவேண்டிய பிரதி அதுதான். நம்மவர்களுக்கோ தங்கத்தை விட்டுக் கண் நகர்வதில்லை.

கி.பி. 348ஐ ஒட்டி வந்த வெண்கலக் காசு ஒன்றில், குதிரையோடு சரிந்த எதிரியைச் சிப்பாய் ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும், நல்ல காலம் திரும்பிவிட்டது என்னும் பொருளில் லத்தீன். யாருக்கு நல்ல காலம்? ஈட்டி யார் கையில் என்பதைப் பொறுத்தது.

பிற்கால ரோம வெண்கலக் காசுகள் கரூர், மதுரை, இலங்கை என்று வந்து சேர்ந்தன. இலங்கையில் உள்ளூரிலேயே நகலும் அடித்தார்கள். நகலில் லத்தீன் வெறும் கோடு. 'போலி' என்று இதை ஒதுக்குவது ரோமின் கண்ணை இரவல் வாங்கிப் பார்ப்பது. அடித்தவனுக்குத் தேவைப்பட்டது சில்லறை. பேரரசன் சொன்னது அவனுக்கு ஒண்ணுமே இல்லை. கட்டளை உதிர்ந்த பிறகும் உரு செல்லுபடியாயிற்று.

ஆனால் புதுக்கோட்டை அம்மன்காசை இதோடு சேர்க்க முடியவில்லை. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அதுவும் கோடுதான். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எழுத்து விளங்காவிட்டால் என்ன, அம்மனைத் தெரியாதா? வாங்கியவர் கண்ணில் ஒற்றிக்கொண்டால், ஒற்றிக்கொண்டது அவளையா, அவளுக்குப் பின்னால் நின்ற தொண்டைமானையா?