தபால்காரர் பூங்கா

லண்டனின் வர்த்தகப் பகுதியில், செயின்ட் பால் தேவாலயத்துக்குச் சற்று வடக்கே ஒரு சிறு பூங்கா இருக்கிறது. 1880-ல் பழைய இடுகாட்டு நிலத்தைத் தோட்டமாக்கித் திறந்தார்கள். அருகிலிருந்த தலைமைத் தபால் நிலையத்து ஊழியர்கள் பகல் வேளையில் இங்கே வந்து சாப்பிட்டதால் தபால்காரர் பூங்கா என்று பெயர் வந்தது. இப்போது அந்த இடத்தில் சுற்றுப்புறக் காரியாலயக்காரர்கள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

நான் போனது அங்குள்ள ஒரு சுவரைப் படிப்பதற்காக. ஜி. எப். வாட்ஸ் என்ற ஓவியர் 1887-ல், விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறரைக் காக்கத் தம் உயிரை விட்ட சாமானியர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவரே முயன்று இந்தப் பூங்காவில் ஒரு தாழ்வாரம் எழுப்பினார். 1900-ல் திறந்தபோது நான்கு பலகைகள்தாம் இருந்தன. 120-க்கு இடமுள்ள சுவரில் இன்று 54 இருக்கின்றன.

ஒவ்வொரு பலகையும் ஒரு சிறுகதை. பெயர், தொழில், செய்த காரியம், தேதி, அவ்வளவுதான். இத்தனை சிக்கனம் எனக்கு வராது என்று முதலில் பொறாமைப்பட்டேன். பிறகு சந்தேகம் வந்தது. ஸாரா ஸ்மித் என்ற நாடக நடிகை 1863-ல் தோழிமேல் பற்றிய தீயை அணைக்கப் போய்த் தானும் கருகி இறந்தாள். அவள் உடுத்தியிருந்தது எளிதில் தீப்பற்றும் உடை என்று பலகை சொல்கிறது. அதை உடுத்தச் சொன்னது யார் என்று கேட்கவில்லை. தியாகத்தைப் புகழ்ந்துவிட்டால் கேள்வி கேட்கும் சிரமம் நமக்கு இல்லை!

ஆலிஸ் அயர்ஸின் பலகைதான் என்னை அதிகமாக உறுத்தியது. 1885-ல் எரியும் வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளை மீட்டுத் தன் உயிரை விட்டவள். ஜன்னல் வழியே மெத்தையைத் தள்ளி, குழந்தைகளை ஒவ்வொன்றாக அதன்மேல் போட்டுவிட்டுக் கடைசியில் தானும் குதித்தாள். கொத்தனாரின் கூலியாள் மகள் என்று பலகை அவளை அறிமுகப்படுத்துகிறது. அந்தக் குழந்தைகள் அவளுடைய அக்காளின் குழந்தைகள் என்பது அதில் இல்லை. அக்காள் வீட்டிலேயே அவள் வேலை செய்துவந்தாள். நம் வீட்டுப் பேச்சில் அவள் அவர்களுக்குச் சித்தி. அந்த ஒரு சொல் விட்டுப்போனதால், பாசம் கடமையாகிவிட்டது. சித்தி விசுவாசமுள்ள ஏழைப் பெண்ணாகிவிட்டாள்.

வாட்ஸைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? என் கதைகளிலும் வேலைக்காரிகள் வருகிறார்கள். காப்பி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருத்திக்காவது அக்காள் தங்கை உண்டா என்று நான் எழுதியதில்லை. வாட்ஸ் பெயரையாவது எழுதினார். அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஆலிஸ் அயர்ஸ்’ என்று வாய்விட்டுப் படித்தான். அவள் சித்தி என்பதை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டான்.