நாலாவது செயற்கைக்கோள்

பத்தாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: 'நாம நிக்கிற இடம் செல்போனுக்கு எப்படித் தெரியுது?' வகுப்பில் போர்டில் போட்ட படத்தை ஒப்பிக்கும். மூன்று செயற்கைக்கோள், மூன்று வட்டம், மூன்றும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நாம்.

படம் அழகு. பாடம்தான் குறை.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் வந்துசேர ஆன நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். நேரத்தை அளப்பது யார்? மேலே இருப்பது அணுக் கடிகாரம். நம் செல்போனில் இருப்பது மலிவுக் கடிகாரம். ஒரு விநாடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டு, அதில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் அவுட்!

என்ன செய்கிறார்கள்? நம் இடத்தைக் காட்டும் மூன்று எண்களோடு, கடிகாரப் பிழையையும் தெரியாத எண்ணாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். நாலு தெரியாத எண்களுக்கு நாலு சமன்பாடு வேண்டும். அதற்குத்தான் நாலாவது செயற்கைக்கோள். நான் பி.காம். ஆசாமி. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட் போட்டுப் பிழையைத் தேடுவோமே, அந்த ஜாதி!

'இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு சார்?' என்று கேட்டுத் திட்டு வாங்கிய தலைமுறை நாம். பதில் இன்று பிள்ளைகள் கையிலேயே இருக்கிறது. அதையும் முக்கால்வாசி சொல்லி நிறுத்திவிடாதீர்கள், சார்!