அசைவையும் சேர்த்து அளப்பது

அளவுகோல் ஒன்றை ரசிக்க முடியுமா என்று கேட்டால், புரதத்துக்குள் தூரம் அளக்கும் ஸ்பின் லேபிள் முறையைத்தான் காட்டுவேன். புரதத்தில் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை வைத்து, ஒவ்வொன்றின் கந்தகத்திலும் நைட்ராக்சைடு மூலக்கூறு ஒன்றைக் கோக்கிறார்கள்; இதுதான் லேபிள். அதில் துணையில்லாத எலெக்ட்ரான் ஒன்று உண்டு; அது ஒரு குட்டிக் காந்தம். கரைசலை 50 கெல்வின் குளிரில் உறையவைத்து, ஓர் எலெக்ட்ரானின் எதிரொலியைக் கவனித்தபடியே மற்றதை மைக்ரோவேவ் துடிப்பால் புரட்டுகிறார்கள். எதிரொலி ஏறி இறங்குகிறது. 1981இல் நோவோசிபிர்ஸ்கில் மிலோவும் சாலிகோவும் ஷிரோவும் கண்ட உத்தி இது. இடைவெளி 2 நானோமீட்டர் என்றால் அந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு ஏறத்தாழ 65 லட்சம் முறை. 5 நானோமீட்டர் என்றால் 4 லட்சம்தான். வேகம் தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதம். அதனால் வேகத்தை அளப்பதில் 3 சதவீதம் பிசகினாலும் தூரத்தில் 1 சதவீதமே பிசகும். இவ்வளவு பெருந்தன்மையான கணக்கு அளவியலில் அபூர்வம்.

ஆனால் என்னை ஈர்ப்பது துல்லியம் அல்ல. இந்த முறை ஒற்றை எண்ணைத் தருவதில்லை, தூரங்களின் பரவலைத் தருகிறது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை வைத்தே புரதச் சங்கிலி எப்படியெல்லாம் திரும்பலாம் என்று வரைந்து காட்டினார்கள். அது சாத்தியங்களின் வரைபடம். அந்தச் சாத்தியங்களுக்குள் ஒரு புரதம் எந்தெந்த நிலைகளில் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பரவல் சொல்கிறது. விழித்திரையிலுள்ள ரொடாப்சின் என்ற புரதத்தில் ஒளி பட்டதும் ஆறாவது சுருள் சுமார் அரை நானோமீட்டர் வெளியே நகர்வதை 2008இல் ஹப்பெல் குழுவினர் இப்படித்தான் அளந்தார்கள். பார்வையின் தொடக்க அசைவுகளில் ஒன்று அது!

லேபிளைப் புரதத்தோடு இணைக்கும் கையே ஆடுகிறதே, அளந்தது புரதத்தையா லேபிளையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இருட்டிலும் ஒளியிலும் ஆடுவது அதே கைதான் என்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் நம்பலாம். கை நிற்கக்கூடிய நிலைகளைக் கணினியில் கணக்கிடவும் முடிகிறது. உறையவைத்தால் இயல்பு கெடாதா? நிலைகளின் விகிதம் சற்று மாறலாம், அதை மறுக்க முடியாது. என்றாலும் உறையும் கணத்தில் இருந்த பல நிலைகள் அப்படியே பதிவாகின்றன. ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல் புரதத்தின் வடிவத்தைக் கணித்துத் தரும்போது இது எதற்கு என்பதுதான் இன்றைய ஆட்சேபம். அது பெரும்பாலும் தருவது அசையாத ஒரு வடிவம். புரதம் வேலை செய்வதோ அசைவால்.

முலுண்டில் இயற்பியலும் வேதியியலும் படிக்கும் பிள்ளைகளே, பக்கத்துப் பவாய் ஐஐடியின் கருவி மையத்தில் இந்த முறைக்கு அடிப்படையான எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வை அளக்கும் கருவி இருக்கிறது. அந்த மையத்தின் பக்கம் போகும் வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள்.