நான்கு மாதமும் ஒரு மைதானமும்

கிரிக்கெட் ஆட்டக்காரர் டி. நடராஜனைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்தவற்றை வரிசையாக வைத்துப் படித்தால், எல்லோரும் ஒரே கதையையே எழுதியிருப்பது தெரியும். கூலிக்கு உழைத்த தகப்பனார், சாலையோரத்தில் கோழி வறுவல் விற்ற தாயார், டென்னிஸ் பந்து, ஆஸ்திரேலியா, ஊர் திரும்பியதும் சாரட்டு வண்டியில் ஊர்வலம். அந்த இடத்தில் 'முற்றும்' போட்டுவிடுகிறார்கள். சினிமாவுக்கு இது போதும். ஆனால் ஊர்வலம் முடிந்து, வண்டிக்காரன் கூலி வாங்கிக்கொண்டு போன பிறகு அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை அல்லவா கதை எழுதுகிறவன் கேட்க வேண்டும்?

இந்திய அணிக்காக அவர் ஆடிய காலம் மிகக் குறுகியது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் முதல் ஆட்டம். 2021 மார்ச் 28-ஆம் தேதி புனேயில் இங்கிலாந்துக்கு எதிராக ஓர் ஆட்டம். நடுவே நான்கு மாதம்கூட இல்லை. அதற்குள் 1 டெஸ்ட், 2 ஒருநாள் ஆட்டம், 4 இருபது ஓவர் ஆட்டம். வலைப் பயிற்சியில் பந்து போடக் கூட்டிச் சென்றவர், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். அதற்குமுன் எந்த இந்தியருக்கும் அது வாய்த்ததில்லை. பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் அவர் எடுத்த மூன்று விக்கெட்டுகளில் ஒன்று, சதம் அடித்திருந்த லபுஷேனுடையது. 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் தோற்றதும் அப்போதுதான்.

இந்தப் புகழ்ச்சியில் அவருடைய ஆட்டத்தைப் பற்றிய பேச்சே அமுங்கிப்போய்விட்டது. இருபது வயதுவரை அவர் தோல் பந்தைத் தொட்டு ஆடியவரல்ல. டென்னிஸ் பந்தோ கனமில்லாதது. கொஞ்சம் எழும்பினால் போதும், அடிக்கிறவன் பக்கத்துக் காட்டுக்கு அனுப்பிவிடுவான். காலடியில் குத்தினால்தான் பந்து போடுகிறவன் பிழைத்தான். அவருடைய யார்க்கர் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் கற்றதல்ல, பிழைப்புக்குக் கற்றது என்பது என் கட்சி. 2020-இல் அபுதாபியில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்ததும் அந்தப் பந்துதான். அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. ஒரு சாண் தவறினால் அது ஃபுல்டாஸ். அன்று கை ஓயவில்லையென்றால் நடராஜன் அரசர். ஓய்ந்தால், நாற்பது ஓட்டத்துக்குக் கணக்கு எழுதவேண்டியதுதான்.

எனக்கு அவர் வாழ்க்கையில் பெரிய அத்தியாயம் பிரிஸ்பேன் அல்ல, 2015. ரஞ்சி ஆட்டத்தில் காலடி வைத்த கையோடு, பந்து எறிகிறார் என்ற சந்தேகம் எழுந்தது. கையை எப்படித் திருப்புவது என்பதை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அத்தனை வருஷம் சோறு போட்ட கையை மறக்கச் சொல்வது லேசான காரியமா? இதைப் பத்திரிகைக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறார்கள். 2017-இல் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. அடுத்த இரண்டு வருஷம் ஹைதராபாத் அணியில் ஒரு ஆட்டமும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். அதற்கும் ஒரே வாக்கியந்தான்.

புனேயில் கடைசி ஓவரில் 14 ஓட்டம் தேவைப்பட்டபோது பந்து அவர் கையில் இருந்தது. இந்தியா 7 ஓட்டத்தில் ஜெயித்தது. அடுத்த மாதமே முழங்காலில் அறுவை சிகிச்சை. ஐ.பி.எல். ஆட்டங்களில் மீண்டும் வந்து 2024-இல் 19 விக்கெட் எடுத்தார். இந்திய அணியின் கதவு மட்டும் திறக்கவில்லை. 'வீணாய்ப்போன திறமை' என்று அங்கலாய்க்கிறவர்கள் இங்கேதான் வருகிறார்கள்.

இங்கிலாந்தின் கால்பந்து ஆட்டத்தில் பெரிய நான்கு பிரிவுகளுக்குக் கீழே, சின்னச் சின்ன ஊர்களின் சங்கங்கள் ஏணிப்படி மாதிரி இருக்கின்றன. பெரிய மைதானங்களில் ஆடி ஓய்ந்தவர் அங்கே போய் மேனேஜர் ஆவார். பகலில் வேறு வேலை பார்க்கிறவர்களைச் சாயங்காலம் கூட்டிவைத்துப் பழக்குவார். அதை யாரும் வீழ்ச்சி என்று சொல்வதில்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே அந்தப் படிகளில் ஆடிய ஜேமி வார்டியை 2012-இல் லெஸ்டர் அணி எடுத்தது. 2016-இல் அந்த அணி இங்கிலாந்தின் சாம்பியன்.

நம் சேலம் ஜில்லாவில் அப்படிப்பட்ட படிகள் ஏது? தாரமங்கலம், எடப்பாடி வட்டாரத்துப் பையனுக்குக் கிராமத்துக் களத்துக்கும் சென்னைக்கும் நடுவே வெறும் ரெயில் பாதைதான் இருந்தது. வாழப்பாடியில் பெரிய மைதானம் திறந்ததே 2020-இல். நடராஜனைச் சென்னைக்கு அழைத்துப்போனவர் அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ். தம் சட்டையின் முதுகில் சொந்தப் பெயருக்கு முன்னால் அவருடைய 'ஜே.பி.' என்ற எழுத்துகளைப் போட்டுக்கொண்டு ஆடினார் நடராஜன். கையில் பணம் வந்ததும் ஊரில் ஒரு பயிற்சிக்கூடம். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு மைதானம். திறந்துவைக்க தினேஷ் கார்த்திக் வந்திருந்தார். ஆடி முடித்துவிட்டு ஊர் திரும்பியவர் கட்டியதல்ல இது. ஆடிக்கொண்டிருக்கும்போதே கட்டியது.

மைதானம் திறப்பதற்கு முன்பே பலன் தெரிந்துவிட்டது. 2019-இல் தமிழ்நாடு பிரிமியர் லீக் இறுதி ஆட்டத்தில் 15 ஓட்டம் கொடுத்து 5 விக்கெட் எடுத்த ஜி. பெரியசாமியும் சின்னப்பம்பட்டிக்காரர்தான். ஒரே சின்ன ஊரிலிருந்து இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள்! தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு ஆட்சேபணையும் உண்டு. ஒரு தனி மனிதர் ஏலத்தில் ஈட்டிய பணத்தில் ஊருக்கு மைதானம் கட்டினார் என்று நாம் மெச்சுகிறோம். மெச்சத்தான் வேண்டும். ஆனால் அவர் முழங்கால் 2021-க்குப் பதில் 2016-இல் போயிருந்தால் அந்தப் பையன்கள் எங்கே பந்து போட்டிருப்பார்கள்? புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சவும், பிட்ச் உருட்டவும், பந்து வாங்கவும் மாதா மாதம் பணம் வேண்டும். அந்தச் செலவை ஜில்லாச் சங்கமும் சர்க்காரும் பங்குபோட்டுக்கொள்ள என்ன தடை? நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் தறிக்கூடத்துக்குப் பின்னால் டென்னிஸ் பந்தைக் குத்திக்கொண்டிருக்கும் பையன்களுக்கு ஊரில் ஒரு ஜெயப்பிரகாஷ் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்லவும் ஆளைக் காணோம்.