கட்டம் போட்டு வரைவது எதுவரை உதவும்?

யாரிடமும் போகாமல் தானாகவே வரையப் பழகுபவர்களில் பலர் முதலில் பிடித்துக்கொள்வது கட்டத்தைத்தான். புகைப்படத்தின்மேல் கட்டம், தாளில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்ப வேண்டும். சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் சிறிய ஸ்டில்லைப் பல ஆள் உயரத்துக்கு வளர்த்தது இப்படித்தான். இதைக் குறுக்குவழி என்று ஒதுக்குவது அநியாயம். கண் இப்படித்தான் இருக்கும் என்று மனம் முன்பே முடிவு செய்து வைத்திருப்பதைக் கட்டம் தகர்க்கிறது. ஒரு கட்டத்துக்குள் கண் இல்லை, ஒரு வளைவும் ஒரு நிழல் துண்டும்தான் இருக்கின்றன. அளவும் சாய்வும் கண்ணுக்குப் பிடிபடத் தொடங்குவது அங்கேதான்.

ஆனால் அது தராத ஒன்று உண்டு: காரணம். கடலோர ஊரான தேவிபட்டினத்தில் கரையேற்றிய நாட்டுப்படகு ஒன்றை அணியத்தின் (முன்முனையின்) பக்கமிருந்து பாருங்கள். நீளமெல்லாம் சுருங்கி, இரு விளிம்புகளும் அமரத்தை (பின்முனையை) நோக்கி நெருங்கும். புகைப்படத்தில் கட்டம் போட்டவர் அந்த வளைவை அச்சாக எடுத்துவிடுவார். படகைச் சற்றுத் திருப்பி வைத்தால் கை நின்றுவிடும். முதலில் ஒரு பெட்டி, அதன் நடுக்கோடு, பிறகு கண்ணுக்குத் தெரியாத மறுபக்க விளிம்பு என்று கட்டிக்கொண்டு வரைந்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அதே ஊரில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களும் அப்படித்தான். தள்ளி நிற்கும் கல்லின் நீர்மட்டம் தாளில் மேலே ஏறும். நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தால் அடிவானமும் கூடவே இறங்கும். கற்களின் தலை அதை நெருங்கும். தூரத்தைத் தாளில் காட்டும் முறையின் (perspective) அடிப்படை இவ்வளவுதான். ஆனால் இதை உடம்பு உணர வேண்டும், புகைப்படத்தில் அது நடக்காது.

கட்டத்தைப் புகைப்படத்துக்கு வெளியேயும் கொண்டுபோகலாம் என்பதற்கு ஓவியர் வான்கோ ஓர் உதாரணம். அவர் 1880-ல், 27 வயதில் ஓவியத்தில் இறங்கியபோது சார்ல் பார்கின் பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தார். அவை புகைப்படங்கள் அல்ல. எதை விடுவது, எதை நேர்கோடாக எளிமையாக்குவது என்று தேர்ந்த கை ஒன்று ஏற்கெனவே முடிவு செய்த ஓவியங்கள். 1882-ல் அவர் குறுக்குக் கோடுகள் இட்ட சட்டம் ஒன்றைச் செய்வித்து, ஸ்கெவனிங்கன் கடற்கரையில் ஊன்றி, அதன் வழியே எதிரிலிருந்த காட்சியைப் பார்த்தார். அதே கட்டம்தான், ஆனால் உயிருள்ள காட்சியின்மேல்.

அதனால் கட்டத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஓர் அட்டையில் ஜன்னல் வெட்டி, நூல் கட்டி, கரைக்கு எடுத்துப் போங்கள். ஒரு படகை அதன் வழியே வரைந்து முடித்ததும் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, மறுபக்கம் போய் நின்று அதே படகை இன்னொரு முறை வரையுங்கள்.