மணநூலும் மணச்சட்டமும்

செம்பூரில் என் கடைக்கு வந்த நண்பர் ஒருவர் கேலியாகக் கேட்டார்: "உங்க சமணக் காப்பியத்துல சீவகன் எட்டுப் பேரைக் கட்டிக்கிட்டான். நீங்க எப்படிங்க ஒருத்தனுக்கு ஒருத்தின்னு பேசறீங்க?" சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றே பெயருண்டு. அதனால் அது பலதார மணத்தைப் போற்றும் நூல் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பதுமையார் இலம்பகத்தை நிதானமாகப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். பாம்பு தீண்டிய பதுமையைப் பிழைக்க வைத்து மணந்த சீவகன், பிறகு சொல்லிக்கொள்ளாமல் இரவோடு இரவாகக் கிளம்பிவிடுகிறான். தேவர் உடனே நாயகன் பின்னால் ஓடவில்லை. தனித்து நின்ற பதுமையின் புலம்பலை நம்மைக் கேட்க வைக்கிறார். கடைசியில் அந்த நாயகனும் எல்லாம் துறந்துதான் முத்தி பெறுகிறான்.

சட்டம் அந்தப் புலம்பலைக் கேட்டதா? பம்பாய் மாகாணம் 1946-லும், சென்னை மாகாணம் 1949-லும் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்தன. பம்பாய்ச் சட்டம் செல்லும் என்று 1951-ல் நரசு அப்பா மாலி வழக்கில் நீதிபதிகள் சாக்ளாவும் கஜேந்திரகட்கரும் தீர்ப்பளித்தார்கள். 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் சமணராகிய நம்மையும் சேர்த்துக்கொண்டது. மீறினால் ஏழாண்டு வரை சிறை. அன்று அது தண்டனைச் சட்டம் 494-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவு.

ஆனால் 1965-ல் பாவ்ராவ் லோகண்டே வழக்கைப் பாருங்கள். மகாராஷ்டிர வழக்குதான். முதல் மனைவி இருக்கவே, 1962-ல் காந்தர்வ முறை என்று இரண்டாவது கல்யாணம். உரிய சடங்குகள் நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சடங்கைச் சரியாகச் செய்தவன் மாட்டுவான். அரைகுறையாகச் செய்தவன் தப்புவான்! இரண்டு பெண்களுக்கும் நேர்ந்தது ஒன்றுதானே?

2013-ல்தான் ஒரு விடிவு. முதல் மணத்தை மறைத்து ஏமாற்றப்பட்ட இரண்டாம் பெண்ணுக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று பாதுஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஊரில் ஒரு குடும்பம், பம்பாயில் ஒரு குடும்பம் என்ற கதை நமக்குப் புதிதல்ல. பெண் கொடுக்கும் பெற்றோர் ஜாதகம் பார்ப்பதோடு ஊரிலும் விசாரிக்கட்டும்; கல்யாணத்தைக் கட்டாயம் பதிவு செய்யட்டும். நண்பருக்கு என் பதில் இதுதான்: எட்டு மணத்தை எண்ணியவர் பதுமையின் அழுகையையும் கேட்டிருக்க வேண்டும். சட்டத்துக்கும் அதையேதான் சொல்வேன்.