உப்புக்கேணி

கடல் மட்டத்திலிருந்து சுமார் 150 மீட்டர் உயரத்தில் ஒரு பாறை. பாறை உச்சியில் ஒரு கோயில். கோயிலுக்குள் ஒரு கேணி. அந்தக் கேணியில் கடல்நீர்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தை ஊர் ஊராகச் சுற்றி எழுதிவைத்த பௌசானியாஸ், ஏதென்ஸின் அக்ரோபொலிஸில் இதைக் கண்டிருக்கிறார். உள்நாட்டில் உப்புக்கேணி இருப்பது பெரிய அதிசயமில்லை, வேறு இடங்களிலும் உண்டு என்று முதலில் அலட்சியமாகச் சொல்லிவிடுகிறார். அடுத்த வரியில் ஆள் மாறிப்போகிறார். தெற்குக் காற்று வீசும்போது இந்தக் கேணிக்குள் அலையோசை கேட்கிறது என்கிறார். பாறையில் மூவிலைச் சூலத்தின் தடம் இருக்கிறது என்றும் சொல்கிறார்.

அந்த ஓசை யாருடையது தெரியுமா? தோற்றுப்போன தெய்வத்தினுடையது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அட்டிகா நாடு யாருக்கு என்று அதீனாவுக்கும் கடலரசன் பொசைடனுக்கும் போட்டி. அவன் சூலத்தால் பாறையைக் குத்தினான், உப்புநீர் பீறிட்டது. அவள் ஒலிவமரம் ஒன்றை நட்டாள். வெற்றி அவளுக்கு; ஊருக்கும் அவள் பேர். குடிக்க உதவாத தண்ணீரைவிட எண்ணெய் தரும் மரம் மேல் என்று தீர்ப்பானதாகச் சொல்லி நாம் கதையை முடித்துவிடுகிறோம். அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் பழைய தொகுப்பைப் புரட்டினால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே பொசைடன்தான் முதலில் வருகிறான். வந்தான், குத்தினான், காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டான். பின்னால் வந்த அதீனா கெக்ராப்ஸை அழைத்துச் சாட்சியாக வைத்துக்கொண்டு மரத்தை நட்டாள். கெக்ராப்ஸ் அந்த ஊரின் முதல் அரசன். இடுப்புக்குக் கீழே பாம்பு உடம்பு. பன்னிரண்டு தெய்வங்கள் கூடி விசாரித்தபோது, ஒலிவத்தை முதலில் நட்டவள் இவளே என்று அவன் சொன்ன வாக்குமூலத்தின் பேரில் நாடு அவளுக்கு எழுதப்பட்டது. எது அதிகப் பயன் தரும் என்ற பேச்சே எழவில்லை.

வழக்கு மன்றமே கதி என்று கிடந்த ஊர் ஏதென்ஸ். ஒரு வழக்கைக் கேட்க 501 குடிமக்கள் நடுவர்களாக உட்கார்ந்த ஊர். தங்கள் தெய்வம் தங்களுக்குக் கிடைத்ததைக்கூட, சாட்சி வைத்து ஜெயித்த வழக்காகத்தான் அவர்களால் கற்பனை செய்ய முடிந்திருக்கிறது. பிற்கால ரோமானியர்களுக்கு இந்த உப்புநீர் பிடிக்கவில்லை போலும். பொசைடன் குதிரையைத் தந்தான் என்று மாற்றிக்கொண்டார்கள். குதிரை கம்பீரம்தான். ஆனாலும் கதையின் உப்பு போய்விட்டது.

ரோமானியர்களில் வார்ரோ சொன்ன வடிவத்தை மட்டும் விட மனம் வரவில்லை. கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டீன் எடுத்தாண்டதால் அது நமக்குக் கிடைத்தது. அதன்படி கெக்ராப்ஸ் ஊரைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்துகிறான். அந்தக் காலத்தில் பெண்களுக்கும் வாக்கு இருந்ததாம். ஆண்கள் எல்லோரும் பொசைடனுக்கு, பெண்கள் எல்லோரும் அதீனாவுக்கு. பெண்கள் தொகையில் ஒருத்தி அதிகம். அந்த ஒருத்தியால் அதீனா வென்றாள். கோபத்தில் பொசைடன் வெள்ளத்தை ஏவ, அவனைச் சாந்தப்படுத்த ஆண்கள் பெண்களைத் தண்டித்தார்கள்: இனி வாக்கு கிடையாது, பிள்ளைக்குத் தாயின் பெயர் கிடையாது, எந்தப் பெண்ணையும் அதீனாவின் பெயர்கொண்டு ஏதென்ஸ்காரி என்று அழைக்கக் கூடாது. பெண் தெய்வத்தை வைத்துக்கொண்டு பெண்ணை வெளியே நிறுத்திய ஊர், அந்த முரண்பாட்டைத் தன் கதைக்குள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறது. சொன்னவர்கள் இதை நியாயம் என்று சொன்னார்களா, குற்றவுணர்வில் சொன்னார்களா என்று பிரித்தறிய முடியாத தொனி. அந்தத் தொனிதான் இதில் ருசி.

இப்போது தோற்றவனைப் பார்ப்போம். பாவம், பொசைடனுக்கு இது ஒரே தோல்வி அல்ல. ஆர்கோஸை ஹெராவிடம் இழந்தான். டெல்ஃபியை அப்பல்லோவிடம், ஏஜினாவைச் சீயஸிடம், நாக்ஸோஸை டயனைசஸிடம். கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் வரிசையாகப் பட்டியல் போடுகிறார். ஆர்கோஸில் தீர்ப்புச் சொன்னவர்கள் அவ்வூர் ஆறுகளே. பொசைடன் அவற்றை வற்ற அடித்துவிட்டான். கோடையில் அங்கே ஆறு வறண்டு கிடப்பதற்கு இதுதான் காரணமாம். கோரிந்தில் சூரியனோடு மோதியபோது பாதி கிடைத்தது: குன்று சூரியனுக்கு, கடலிடுக்கு இவனுக்கு. டிரோசன் ஊரில் இருவருக்கும் பொது என்று சீயஸ் சொல்லிவிட, அவ்வூர்க் காசில் அதீனாவின் முகமும் சூலமும் சேர்ந்து இடம்பெற்றன.

ஏதென்ஸ் அவனை வைத்துக்கொண்ட விதம்தான் அழகு. அதீனாவின் மரம் எரெக்தியம் கோயிலை ஒட்டியும், அவனுடைய கேணி அதற்குள்ளும், அருகருகே இருந்தன. அவனுக்கும் அங்கே வழிபாடு உண்டு. கூடவே ஒரு பலிபீடம். எந்தத் தெய்வத்துக்கு? மறதிக்கு. புளூட்டார்க்கின் விருந்துரையாடலில் ஒருவர் இதைச் சொல்லி, தோற்ற பின்பும் வென்றவளோடு ஒரே கோயிலில் இருக்கச் சம்மதித்த பொசைடனை மெச்சுகிறார். அத்தோடு நிற்கவில்லை அந்த ஊர். செப்டம்பர் வாக்கில் வரும் போயட்ரோமியோன் மாதத்தின் இரண்டாம் நாள்தான் தெய்வங்கள் சண்டையிட்ட நாள் என்பது ஐதீகம். அந்த நாளைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள். முதல் தேதிக்குப் பிறகு மூன்றாம் தேதி! ஜெயித்த நாளை விழா எடுத்துக் கொண்டாடுவதுதான் ஊர் வழக்கம். வீட்டிலிருக்கும் தோற்றவனின் மனம் நோகக் கூடாதென்று நாட்காட்டியில் ஒரு நாளை விழுங்கிய ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கி.மு. 480இல் பாரசீகர்கள் அக்ரோபொலிஸைக் கொளுத்தினார்கள். கோயிலோடு ஒலிவமரமும் எரிந்தது. மறுநாள் செர்க்ஸஸ் மன்னனின் ஆணைப்படி, அவனோடிருந்த, நாடுகடத்தப்பட்ட ஏதென்ஸ்காரர்கள் பூசை செய்ய மேலே ஏறிப் போனார்கள். கரிந்த அடிமரத்திலிருந்து ஒரு முழத் தளிர் கிளம்பியிருந்ததைப் பார்த்தார்கள். இது வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியது. சுமார் அறுநூறு ஆண்டு கழித்து அதே சேதியைப் பௌசானியாஸ் எழுதும்போது, எரிந்த அன்றே இரண்டு முழம் வளர்ந்தது என்கிறார். எழுத்தில்கூட அந்த மரம் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது! தளிர் விட்ட சில நாட்களில் சலாமிஸ் கடலில் பாரசீகக் கப்பற்படை நொறுங்கியது. ஊர் மீண்டது மரத்தாலா கடலாலா என்று ஹெரோடோட்டஸ் கேட்கவில்லை. மரத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில் பக்கத்திலிருந்த கடலையும் மறக்காமல் சொல்கிறார்.

அந்தக் கடற்படையைக் கட்டிய தெமிஸ்டோக்ளிஸைப் பற்றி எழுதும்போது புளூட்டார்க் குறும்பாக ஒன்று சொல்கிறார். மக்களைக் கடலிலிருந்து பிரித்து உழவின் பக்கம் திருப்பத்தான் பழைய அரசர்கள் இந்த ஒலிவக் கதையையே பரப்பினார்களாம். தெமிஸ்டோக்ளிஸ் ஊரை மறுபடி கடலோடு கட்டிப் போட்டார். துடுப்பு வலித்தவன் கைக்கு அதிகாரம் வந்தது. பிறகு ஆட்சியைப் பிடித்த முப்பது பேர், மக்கள் மன்றத்தில் கடலைப் பார்த்திருந்த பேச்சு மேடையை நிலத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். கடலைப் பார்த்தால் குடியாட்சி நினைவு வந்துவிடும் என்ற பயம். தெய்வங்களின் வழக்கு முடிந்தும் மேல்முறையீடு ஓயவில்லை.

இன்று நிற்கும் எரெக்தியம், அந்தத் தீக்குப் பிறகு, கி.மு. 421க்கும் 406க்கும் இடையில் எழுந்தது. அதன் வடக்கு மண்டபத்தில் தளக்கல்லை ஓரிடத்தில் திறந்து விட்டிருக்கிறார்கள். கீழே பாறையில் குழிகள் தெரியும். பொசைடனின் சூலம் பாய்ந்த இடம் என்பார்கள் சிலர்; எரெக்தியஸ் மன்னனைக் கொன்ற சீயஸின் இடி இறங்கிய இடம் என்பார்கள் வேறு சிலர். எதுவானாலும், மேலிருந்து வந்தது வந்த வழியை அடைக்கக் கூடாதென்று, அதற்கு நேர் மேலே கூரையிலும் ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். பளிங்கை நூல் பிடித்தாற்போல் இழைத்த தச்சர்கள், மழை ஒழுகும் என்று தெரிந்தே விட்ட ஓட்டை அது.

ஏதென்ஸ் போகிறவர்கள் தெற்குப் பக்கத்தில் கூரை தாங்கும் ஆறு கன்னியர் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே நிற்பவை நகல்கள். அசல் சிலைகளில் ஐந்து குன்றின் கீழே அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில். நீங்கள் போனால் வடக்குப் பக்கம் சுற்றிப் போய், ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.